‘வில்லன்’ என்றால் ஒரு காலத்தில் விவசாயி: நார்மன் ஆட்சியில் இங்கிலாந்தின் நிலம் கைமாறியது எப்படி?

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷையரில் மார்ஷ் கிப்பன் என்று ஒரு சிற்றூர். 1066-ல் அங்கே நிலம் வைத்திருந்தவர் ஐல்ரிக் என்ற ஆங்கிலேயர். 20 ஆண்டுகள் கழித்து அரசரின் ஆட்கள் கணக்கெடுக்க வந்தபோதும், அதே நிலத்தில் அதே ஐல்ரிக்தான் இருந்தார்.

ஆனால் ஒரு வித்தியாசம். முன்பு நிலம் அவருடையது. இப்போது அதே நிலத்துக்கு அவர் வில்லியம் ஃபிட்ஸ் ஆன்ஸ்கல்ஃப் என்ற நார்மன் பிரபுவுக்குக் குத்தகை கட்டிக்கொண்டிருந்தார்.

எத்தனை ஏர், எத்தனை ஆலை, எவ்வளவு மதிப்பு என்று எண்களை மட்டுமே எழுதிக்கொண்டு போகும் பதிவேடு அது. ஐல்ரிக்கின் ஊருக்கு வந்ததும் எழுத்தருக்கு என்ன தோன்றியதோ, இரண்டு சொற்களைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டார். ஐல்ரிக் இந்த நிலத்தைப் பெரும் பாரத்தோடும் துயரத்தோடும் வைத்திருக்கிறார் என்பது அவற்றின் பொருள்.

ஒரு தலைமுறைக்குள் ஒரு நாட்டின் நிலம் மொத்தமும் எப்படிக் கைமாறியது? ‘நிலப்பிரபுத்துவம்’, ‘நிலமானிய முறை’ என்றெல்லாம் பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, அது நடைமுறையில் எப்படி இயங்கியது? பார்ப்போம்.

1066-க்கு முன்பு எல்லாம் நன்றாக இருந்ததா?

இல்லை. நார்மன்கள் வருவதற்கு முன்பு இங்கிலாந்து சமத்துவ பூமியாக ஒன்றும் இருக்கவில்லை. மேலே அரசர், அவருக்குக் கீழே ‘எர்ல்’ எனப்படும் பெரும் பிரபுக்கள், அடுத்து ‘தெயின்’ எனப்படும் நிலக்காரர்கள், அவர்களுக்கும் கீழே உழவர்கள். எல்லோருக்கும் அடியில் விலைக்கு வாங்கவும் விற்கவும் முடிந்த அடிமைகள்.

ஆனால் ஒரு முக்கியமான அம்சம் இருந்தது. சிறிய, நடுத்தர நிலக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் பலர் தங்கள் நிலத்தை விற்கலாம், விரும்பியவருக்கு எழுதிவைக்கலாம். ஒரு பிரபுவின் பாதுகாப்பு பிடிக்கவில்லை என்றால், நிலத்தோடு சேர்ந்து வேறொரு பிரபுவிடம் போகக்கூடிய உரிமையும் சிலருக்கு இருந்தது.

1066 ஜனவரியில் அரசர் எட்வர்டு வாரிசு இல்லாமல் இறந்தார். ஹரால்டு காட்வின்சன் முடிசூடினார். எட்வர்டு தனக்குத்தான் அரியணையை வாக்களித்திருந்தார் என்று பிரான்ஸின் நார்மண்டிப் பகுதி ஆட்சியாளர் வில்லியம் படையோடு கடல் கடந்து வந்தார். அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸ் போரில் ஹரால்டு கொல்லப்பட்டார். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தில் வெஸ்ட்மின்ஸ்டரில் வில்லியம் முடிசூடிக்கொண்டார்.

நிலம் எப்படிப் பறிபோனது?

எல்லா நிலமும் ஒரே நாளில் பிடுங்கப்படவில்லை. முதலில் ஹேஸ்டிங்ஸில் வில்லியமை எதிர்த்துப் போரிட்டவர்களின் நிலம் போனது. சரணடைந்த ஆங்கிலேயர்கள் பலர், பணம் கட்டித் தங்கள் நிலத்தையே திரும்பப் பெற்றார்கள்.

பிறகு கிளர்ச்சிகள் வெடித்தன. ஒவ்வொரு கிளர்ச்சிக்குப் பிறகும் ஒரு சுற்றுப் பறிமுதல். 1069-70 குளிர்காலத்தில் வடக்கு இங்கிலாந்தில் வில்லியமின் படை ஊர்களையும் தானியங்களையும் எரித்தது. மக்கள் பஞ்சத்தில் மடிந்தார்கள். 16 ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்த கணக்கிலும் யார்க்‌ஷையரின் ஏராளமான ஊர்கள் ‘பாழ்’ என்றே பதிவாகியிருக்கின்றன.

பறித்த நிலம் வில்லியமுடன் வந்த தளபதிகளுக்கும் உறவினர்களுக்கும் போனது. அவருடைய தாய்வழிச் சகோதரர்கள் ஓடோவும் ராபர்ட்டும் நாட்டின் மிகப்பெரிய நிலக்காரர்கள் ஆனார்கள். பல இடங்களில் ‘இன்ன ஆங்கிலேயருக்கு இருந்ததெல்லாம் இனி உனக்கு’ என்ற முறையில் நிலம் கொடுக்கப்பட்டது. பழைய உரிமையாளருக்கு ஐந்து மாவட்டங்களில் நிலம் இருந்திருந்தால், புதியவருக்கும் ஐந்து மாவட்டங்களில் கிடைத்தது. இதனால் பெரும்பாலான பிரபுக்களின் நிலம் நாடு முழுவதும் சிதறிக் கிடந்தது. வேல்ஸ் எல்லை, சசெக்ஸ் கடற்கரை போன்ற ஆபத்தான பகுதிகளில் மட்டும், காவலுக்காக ஒரே ஆளிடம் மொத்த நிலப்பரப்பும் ஒப்படைக்கப்பட்டது.

‘வைத்திருப்பது’ வேறு, ‘சொந்தம்’ வேறு

இங்கேதான் உண்மையான மாற்றம். யாரிடமிருந்து யாருக்கு நிலம் போனது என்பதோடு, நிலத்தோடு மனிதருக்கு உள்ள உறவே மாறிப்போனது.

நார்மன் ஆட்சியில் வேரூன்றிய கொள்கை ரொம்ப எளிமையானது: நாட்டின் நிலம் முழுவதும் இறுதியில் அரசருடையது. மற்ற எல்லோரும் யாரோ ஒருவரிடமிருந்து அதைப் பெற்று ‘வைத்திருப்பவர்கள்’ மட்டுமே. பெரும் பிரபு அரசரிடமிருந்து வைத்திருப்பார். அவரிடமிருந்து ஒரு நைட், அதாவது குதிரைவீரர், வைத்திருப்பார். அவருக்குக் கீழே இன்னொருவர். நம்ம பாஷையில் சொன்னால், லீஸுக்கு மேல் சப்-லீஸ், அதற்கும் கீழே இன்னொரு சப்-லீஸ்.

ஆனால் வாடகை பணமாக அல்ல, போர்ச் சேவையாக இருந்தது. ஒவ்வொரு பிரபுவும் அரசர் கேட்கும்போது இத்தனை குதிரைவீரர்களை அனுப்பியாக வேண்டும். ஆண்டுக்கு 40 நாள் சேவை என்பது பிற்காலத்தில் நிலைத்த வழக்கம். பிஷப்புகளுக்கும் மடாலயங்களுக்கும்கூட விலக்கு இல்லை. பீட்டர்பரோ மடாலயம் 60 வீரர்களைக் கொடுக்க வேண்டியிருந்தது. காலப்போக்கில், ஆள் அனுப்புவதற்குப் பதிலாகப் பணம் கட்டும் வழியும் வந்தது.

நிலம் பெறுபவர் மண்டியிட்டு, தன் இரு கைகளையும் பிரபுவின் கைகளுக்குள் வைத்து ‘நான் உங்கள் ஆள்’ என்று உறுதி கூற வேண்டும். பிரபு பதிலுக்குப் பாதுகாப்பு தர வேண்டும். 1086 ஆகஸ்ட் 1 அன்று சால்ஸ்பரியில் வில்லியம் இன்னொரு படி மேலே போனார். தனக்கு நேரடியாகக் கீழே இருந்தவர்கள் மட்டுமல்ல, அவர்களுக்குக் கீழே இருந்த முக்கிய நிலக்காரர்களும் தனக்கே விசுவாசப் பிரமாணம் எடுக்கும்படி செய்தார். உங்கள் மேலாளர் ராஜினாமா செய்தாலும் உங்கள் ஒப்பந்தம் கம்பெனியோடுதான் என்று சொல்வதுபோல!

இந்த ஏற்பாட்டில் அரசருக்கு வேறு வருமானங்களும் இருந்தன:

● நிலக்காரர் இறந்தால், மகன் நிலத்தைப் பெறுவதற்கு ஒரு தொகை கட்ட வேண்டும்.

● வாரிசு சிறு பிள்ளையாக இருந்தால், வயதுக்கு வரும்வரை நிலமும் அதன் வருமானமும் மேலே இருக்கும் பிரபுவின் கையில்.

● வாரிசு பெண்ணாக இருந்தால், அவளை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்பதையும் பிரபுதான் முடிவு செய்வார்.

● வாரிசே இல்லை என்றால், நிலம் பிரபுவிடமே திரும்பும்.

ஒரு நாட்டையே ஆடிட் செய்த புத்தகம்

1085 கிறிஸ்துமஸுக்கு குளோஸ்டரில் அவை கூடியபோது வில்லியம் ஒரு முடிவெடுத்தார். யாரிடம் எவ்வளவு நிலம், அதிலிருந்து எவ்வளவு வருமானம் வரும் என்று நாடு முழுக்கக் கணக்கெடுக்க வேண்டும். டென்மார்க்கிலிருந்து படையெடுப்பு வரும் என்ற அச்சமும், படைக்குப் பணம் தேவைப்பட்டதும் பின்னணியில் இருந்தன.

ஊர் ஊராகக் கேள்விகள் கேட்கப்பட்டன. எட்வர்டு காலத்தில் இது யாரிடம் இருந்தது? இப்போது யாரிடம்? எத்தனை ஏர்? எத்தனை உழவர், எத்தனை அடிமை? காடு, புல்வெளி, ஆலை, மீன்குளம் எவ்வளவு? அன்றைய மதிப்பு என்ன, இன்றைய மதிப்பு என்ன? உள்ளூர் ஆட்களே சத்தியம் செய்து பதில் சொல்ல வேண்டும்.

1086-ல் நடந்த இந்தக் கணக்கெடுப்பின் பலன்தான் ‘டூம்ஸ்டே புத்தகம்’. 13,000-க்கும் மேற்பட்ட ஊர்கள் இதில் பதிவாகியுள்ளன. லண்டன், வின்செஸ்டர் போன்ற சில இடங்கள் மட்டும் விடுபட்டன. இதன் தீர்ப்புக்கு மேல்முறையீடே கிடையாது என்பதால், உலகின் இறுதித் தீர்ப்பு நாளை நினைவூட்டும் இந்தப் பெயரை மக்களே வைத்துவிட்டார்கள். லத்தீனில் எழுதப்பட்ட மூலப் பிரதி இன்றும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

இதன் தந்திரம் எங்கே இருக்கிறது தெரியுமா? ‘எட்வர்டு காலத்தில் யாரிடம் இருந்தது’ என்று கேட்டுவிட்டு, ஹரால்டை முறையான அரசராகவே எண்ணாமல் கணக்கெடுப்பு தாண்டிப் போய்விடுகிறது. அடாவடியாகப் பிடித்த நிலம், பதிவேட்டில் ஏறியதும் சட்டப்படியான வாரிசுரிமை மாதிரி தோற்றம் பெற்றுவிட்டது. அதே சமயம், ஐல்ரிக் போன்றவர்களிடம் முன்பு என்ன இருந்தது என்பதற்கு இன்று நமக்குள்ள சாட்சியும் அதே புத்தகம்தான்.

கணக்கு என்ன சொல்கிறது?

வரலாற்றாளர்கள் டூம்ஸ்டே தரவுகளைக் கூட்டிப் பார்த்ததில் கிடைக்கும் படம் இது. நிலத்தின் மதிப்பில் சுமார் 17 சதவீதம் அரசர் குடும்பத்திடம். சுமார் கால்பங்கு தேவாலயத்திடம். பாதிக்கும் சற்று மேல், 200-க்கும் குறைவான பெரும் பிரபுக்களிடம். அவர்களிலும் பத்துப் பன்னிரண்டு பேரிடம் மட்டும் நாட்டின் கால்பங்கு நிலம்.

அரசரிடமிருந்து நேரடியாகப் பெருமளவு நிலம் வைத்திருந்தவர்களில் ஆங்கிலேயர்கள் எத்தனை பேர்? இரண்டே பேர். வார்விக்‌ஷையரின் தர்கில், லிங்கனின் கோல்ஸ்வெய்ன். அவ்வளவுதான்.

ஆயிரக்கணக்கான தெயின்களில் சிலர் போரில் இறந்தார்கள். சிலர் நாட்டைவிட்டே போனார்கள். தொலைதூர கான்ஸ்டான்டிநோபிள் பேரரசரின் காவல்படையில் சேர்ந்தவர்களும் உண்டு. மீதிப்பேர் ஐல்ரிக்கைப் போல, தங்கள் பழைய நிலத்திலேயே புது எஜமானருக்குக் கீழே தங்கிவிட்டார்கள்.

உழவர்களுக்கு என்ன ஆனது?

டூம்ஸ்டேயில் பதிவான சுமார் 2.7 லட்சம் பேரில், ஏறக்குறைய 41 சதவீதம் பேர் ‘வில்லன்’ என்ற பிரிவினர். லத்தீனில் பண்ணையையோ ஊரையோ சேர்ந்தவர், அதாவது கிராமத்தான். ஆம், நம்ம சினிமா வில்லனின் பூர்வீகம் இதுதான். ஏழை உழவனைக் குறித்த சொல், மேல்தட்டுக்காரர்களின் வாயில் முதலில் ‘நாகரிகம் இல்லாதவன்’ ஆகி, பிறகு ‘கெட்டவன்’ ஆகிவிட்டது. சொல்லின் பொருளை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இன்னும் 32 சதவீதம் பேர் குடிசையும் துண்டு நிலமும் மட்டுமே உள்ள சிறு உழவர்கள். 14 சதவீதம் பேர் ஓரளவு சுதந்திரம் உள்ள குடியானவர்கள். சுமார் 10 சதவீதம் பேர் அடிமைகள்.

வில்லன் அடிமை அல்ல. அவருக்கு நிலம் உண்டு, வீடு உண்டு, சில ஏர்மாடுகளும் உண்டு. ஆனால் வாரத்தில் சில நாட்கள் பிரபுவின் வயலில் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். அறுவடைக் காலத்தில் அது இன்னும் கூடும். தானியத்தைப் பிரபுவின் ஆலையிலேயே கட்டணம் கட்டி அரைக்க வேண்டும். மகளைக் கட்டிக்கொடுக்கவும் பிரபுவுக்குப் பணம் கொடுக்க வேண்டும். குடும்பத் தலைவர் இறந்தால் வீட்டின் சிறந்த மாடு பிரபுவுக்கு. இந்தக் கடமைகள் அடுத்த நூறு ஆண்டுகளில் சட்டமாகவே இறுகின. பிரபுவின் அனுமதி இல்லாமல் பண்ணையைவிட்டுப் போகவும் முடியாது.

அதிகம் இழந்தவர்கள் நடுவில் இருந்தவர்கள்தான். கேம்பிரிட்ஜ்ஷையரில் 1066-ல் 900-க்கும் குறையாமல் இருந்த சுதந்திரக் குடியானவர்கள், 1086-ல் சுமார் 200 பேராகச் சுருங்கிவிட்டார்கள். மற்றவர்கள் காணாமல் போகவில்லை. ஒரு படி கீழே இறக்கப்பட்டார்கள்.

கடைக்கோடியில் மட்டும் ஒரு படி ஏற்றம். அடிமைமுறை ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்தது. 1102-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய திருச்சபை மன்றம் மனிதர்களை விற்பதைக் கண்டித்தது. 12-ம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அடிமைமுறை கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. இதற்கு இரக்கம் மட்டும் காரணம் இல்லை. அடிமைக்குச் சோறு போடுவதைவிட, ஒரு துண்டு நிலம் கொடுத்து அவரையே கட்டாய உழைப்பாளி ஆக்குவது பிரபுவுக்கு லாபமாக இருந்தது.

பெண்கள்: சொத்தோடு சேர்ந்த சொத்து

1066-க்கு முன்பு ஆங்கிலேயப் பெண்கள், குறிப்பாக உயர்குடிப் பெண்கள், தங்கள் பெயரிலேயே நிலம் வைத்திருக்கவும் எழுதிவைக்கவும் முடிந்தது. நிலம் போர்ச் சேவையோடு இணைந்தபோது கணக்கு மாறியது. நிலத்துக்குப் போர்வீரர் வேண்டும்; எனவே வாரிசான பெண்ணுக்கு ‘சரியான’ கணவர் வேண்டும். யார் சரியானவர் என்பதை அரசர் முடிவு செய்தார்.

விதவைகளை அவர்களின் விருப்பத்துக்கு எதிராக மறுமணம் செய்துவைக்க மாட்டேன் என்று 1100-ல் முடிசூடியபோது முதலாம் ஹென்றி வாக்குறுதி கொடுத்தார். ஆனால் 1130-ம் ஆண்டின் அரசாங்க வரவுக் கணக்கில் ஒரு பதிவு இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்குத் தனக்கு மறுமணம் செய்துவைக்கக் கூடாது என்பதற்காக, செஸ்டர் சீமாட்டி லூசி அரசருக்கு 500 மார்க் வெள்ளி தர ஒப்புக்கொண்டிருக்கிறார். அதாவது, தனியாக இருப்பதற்கே ஃபீஸ்.

கோட்டை, காடு, மொழி

மேல்தட்டு ஒரு மொழியும் கீழ்த்தட்டு ஒரு மொழியும் பேசும் நாடாக இங்கிலாந்து ஆனது. மண்மேட்டின் மேல் கோட்டை கட்டி அங்கிருந்து ஊரை ஆள்வது நார்மன் பாணி. பல நகரங்களில் கோட்டைக்கு இடம் வேண்டும் என்று வீடுகள் இடிக்கப்பட்டதை டூம்ஸ்டேயே சொல்கிறது.

தேவாலயமும் கைமாறியது. 1080-களின் இறுதியில், ஆங்கிலேயராகப் பிறந்த பிஷப் வூஸ்டர் நகரின் வுல்ஃப்ஸ்டன் ஒருவர்தான். இன்னொரு பக்கம், பெரும் பரப்புகள் ‘அரசரின் காடு’ என்று அறிவிக்கப்பட்டன. உழவர் காலங்காலமாக வேட்டையாடிய, விறகு பொறுக்கிய இடத்தில் திடீரென்று தனிச் சட்டம்.

நார்மன்களின் பயத்தைக் காட்டும் ஒரு விதியும் இருந்தது. ஒரு நார்மன் கொல்லப்பட்டு, கொலையாளி பிடிபடாவிட்டால், அந்தப் பகுதி முழுவதும் அபராதம் கட்ட வேண்டும். செத்தவர் ஆங்கிலேயர் என்று நிரூபித்துவிட்டால் அபராதம் இல்லை! இந்த விதி 1340 வரை சட்டத்தில் இருந்தது.

இதன் தடம் ஆங்கில அகராதியில் இன்றும் இருக்கிறது. தொழுவத்தில் மேய்க்கும்போது மாடு ‘கௌ’, ஆடு ‘ஷீப்’. இவை உழவரின் பழைய ஆங்கிலச் சொற்கள். சமைத்துத் தட்டில் வந்ததும் ‘பீஃப்’, ‘மட்டன்’. இவை பிரெஞ்சு வழி வந்தவை. வளர்த்தவர் ஒருவர், சாப்பிட்டவர் இன்னொருவர்.

இதை ‘சிஸ்டம்’ என்று சொல்லலாமா?

பாடப்புத்தகத்தில் வரும் அழகான பிரமிட் படத்தை வரலாற்றாளர்கள் இப்போது அப்படியே ஏற்பதில்லை. 1974-ல் எலிசபெத் பிரவுன், 1994-ல் சூசன் ரெய்னால்ட்ஸ் ஆகியோர் இதைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். ‘ஃபியூடலிசம்’ என்ற கருத்தே பிற்காலச் சட்ட அறிஞர்கள் உருவாக்கியது, அந்தக் காலத்து மக்கள் அப்படி ஒரு முறைக்குள் வாழ்வதாக நினைக்கவில்லை என்பது அவர்களின் வாதம்.

வில்லியம் கையில் திட்ட வரைபடத்தோடு வந்து இறங்கவில்லை என்பது உண்மைதான். போர், பறிமுதல், பேரம், வழக்கம் எல்லாம் கலந்து உருவானது இது. ஆனால் இங்கிலாந்தைப் பொறுத்தவரை, எல்லா நிலமும் அரசரிடமிருந்தே பெறப்பட்டது என்ற கொள்கை அக்கம்பக்கத்து நாடுகளைவிட இங்கே முழுமையாக நிலைத்தது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

எப்படி முடிவுக்கு வந்தது?

மேலிருந்தும் கீழிருந்தும், மெதுவாக. 1215-ல் மாக்னா கார்ட்டா, வாரிசு கட்ட வேண்டிய தொகைக்கு உச்சவரம்பு விதித்தது. 1290-ல் ஒரு சட்டம், சப்-லீஸ் அடுக்குகள் புதிதாக உருவாவதைத் தடுத்தது. 1348-ல் வந்த கொள்ளைநோய் மக்கள்தொகையில் பெரும்பங்கைக் கொன்றது. உயிர் பிழைத்த உழவருக்குக் கிராக்கி கூடியது. கூலியைக் கட்டுப்படுத்த 1351-ல் சட்டம் போட்டார்கள். கோபம் 1381-ல் பெரும் கிளர்ச்சியாக வெடித்தது.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு ஒரு சுவாரசியமான விஷயம் நடந்தது. 1377-ல் தெற்கு இங்கிலாந்தின் பல ஊர்களில் உழவர்கள் பணம் திரட்டி, டூம்ஸ்டே புத்தகத்தில் தங்கள் ஊரைப் பற்றிய பக்கத்தின் நகலை வாங்கினார்கள். எங்கள் ஊர் பழைய அரச நிலம், எனவே பிரபுவுக்குக் கட்டாய வேலை செய்யத் தேவையில்லை என்று வாதாடினார்கள். 300 ஆண்டுகளுக்கு முன்பு அவர்களை அளக்க எழுதிய புத்தகத்தையே அவர்கள் ஆதாரமாகப் பிடித்துக்கொண்டார்கள். வாதம் எடுபடவில்லை என்பது வேறு விஷயம்.

நிலத்துக்குப் போர்ச் சேவை என்ற முறை சட்டப்படி ஒழிந்தது 1660-ல். வில்லன் நிலத்தின் வாரிசான ‘காப்பிஹோல்டு’ முறை முடிவுக்கு வந்தது 1926-ல்தான்.

நமக்கு இதில் என்ன?

‘இது நம்ம ஜமீன்தாரி மாதிரிதானே’ என்று தோன்றலாம். முழுக்க அப்படி இல்லை. கிழக்கிந்திய கம்பெனி 1793-ல் வங்காளத்தில் நிலைநாட்டிய ஜமீன்தாரி, அரசுக்கு வரிப் பணம் வசூலித்துக் கொடுக்கும் ஏற்பாடு. நார்மன் பிரபு கொடுத்தது படை. ஒன்றை வைத்து இன்னொன்றைப் புரிந்துகொள்ள முயன்றால் இரண்டுமே குழம்பிவிடும்.

ஆனால் சட்டச் சொற்கள் வழியாக ஒரு நேரடித் தொடர்பு உண்டு. வீட்டுக்கடன் வாங்கும்போது கையெழுத்துப் போடுகிறோமே ‘மார்ட்கேஜ்’, அது ‘செத்த அடமானம்’ என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல். அன்றைய மார்ட்கேஜில் நிலத்தின் விளைச்சல் கடன் கொடுத்தவருக்குப் போகும், ஆனால் அசலில் கழியாது. நம்ம ஊர் ஒத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் ஆட்சியின் 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் வழியாக இந்தச் சொல் நம் பத்திரங்களுக்கு வந்தது.

இன்னொன்று ‘எஸ்சீட்’. வாரிசில்லாத நிலம் பிரபுவிடம் திரும்பும் என்று மேலே பார்த்தோமே, அதற்கான சொல் இது. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 296-வது பிரிவில் இதே சொல் இருக்கிறது. உரிமையாளர் இல்லாத சொத்து அரசுக்குப் போகும் என்கிறது அந்தப் பிரிவு. பிரபுவின் இடத்தில் இப்போது மாநில அரசு.

அடுத்த முறை பத்திரப்பதிவு அலுவலக வரிசையில் நிற்கும்போது ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். நிலத்தில் யார் உழுகிறார், யார் வாழ்கிறார் என்பது ஒன்று. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பது இன்னொன்று. மார்ஷ் கிப்பனின் ஐல்ரிக் அந்த மண்ணைவிட்டு எங்கேயும் போகவில்லை. பதிவேட்டில் ஒரு வரி மாறியது, அவ்வளவுதான். அவர் சொந்த நிலத்தில் குத்தகைக்காரர் ஆனார்.